கேட்கும் முன்பே தட்டச்சான பதில்

கோர்ட்டில் என் பழைய ஸ்டெனோ நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் போன மாதம் போத்தனூருக்கு வந்து என்னைப் பார்த்தாள். வரும்போதே அரைக் கிலோ மைசூர்பாவும் ஒரு சந்தேகமும் கொண்டுவந்தாள்.

"ஏனுங்க மேடம், உங்க காலத்துல முன்னூத்திப் பதிமூணு எப்படீங்க எடுத்தீங்க? இப்பெல்லாம் எதிரிங்க ஜெயில்ல இருந்தே டிவியில வந்துர்றாங்க. பாதி நேரம் வாய் அசையுது, சத்தம் வர்றதில்லைங்க. நானே பொய்னு அடிச்சுட்டுப் போயிர்றேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவளைத் திட்டவும் தெம்பில்லை. எழுதி வைக்கிறேன், வந்து வாங்கிக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதனால்தான் இது.

கோர்ட் பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். அரசுத் தரப்புச் சாட்சிகள் எல்லோரும் சொல்லி முடித்த பிறகு நீதிபதி அவரைப் பார்த்து, உனக்கு எதிராக இன்னின்ன சொல்லியிருக்கிறார்கள், அதற்கு நீ என்ன சொல்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு முன்னூற்றுப் பதின்மூன்றாம் பிரிவு. இப்போது புதுச் சட்டம் வந்து எண்ணை மாற்றிவிட்டார்கள். மாறிய எண்ணை இனிமேல் மனப்பாடம் செய்ய என்னால் ஆகாது, பழைய எண்ணிலேயே சொல்கிறேன்.

அந்த நேரத்தில் எதிரிக்குச் சத்தியப் பிரமாணம் கிடையாது. பதில் சொல்லலாம். சொல்லாமல் நிற்கலாம். சொன்னது பொய்யாகவே இருந்தாலும் அதற்கென்று தனியாகத் தண்டனை இல்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சாசனத்தில் எழுதியிருக்கிறதே, அது கோர்ட் ஹாலுக்குள் வந்து நிற்கிற இடம் இதுதான். வழக்கு முழுக்க எல்லோரும் எதிரியைப் பற்றிப் பேசுவார்கள். நீதிபதி அவரோடு பேசுவது இங்கே மட்டும்தான்.

புத்தகத்தில் அப்படி. நடப்பில் எப்படி என்றால், சாட்சியங்களை அடித்து முடித்த கையோடு ஸ்டெனோவோ பெஞ்ச் கிளார்க்கோ கேள்விகளைத் தயாரித்துவிடுவோம். நீதிபதி அவற்றைக் கடகடவென்று படிப்பார். எதிரி ஒவ்வொன்றுக்கும் "பொய்ங்க" என்பார். வக்கீல்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமும் கடைசிப் பாடமும் அது. ஏதாவது பேசி மாட்டிக்கொள்வதைவிட எல்லாவற்றையும் பொய் என்று சொல்லிவிட்டால் வக்கீலுக்கு வேலை சுலபம், கோர்ட்டுக்கும் மதிய உணவுக்கு முன்னால் முடிந்துவிடும். எங்கள் பெஞ்ச் கிளார்க் ரங்கசாமி ஒரு படி மேலே போய், கேள்விக்குக் கீழே பதிலையும் முன்கூட்டியே அடிக்க வைத்துவிடுவார். நீதிபதி கேட்கும்போது எதிரி வாயைத் திறந்தாரா என்று பார்த்துக்கொண்டால் போதும். பல வருஷம் அப்படித்தான் ஓடியது, ஒருவரும் குறை சொன்னதில்லை.

நான் சுருக்கெழுத்து படித்தது, பரீட்சை எழுதியது, அவினாசியிலும் பல்லடத்திலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் தேய்ந்தது எல்லாம் எந்த ஊழியரைக் கேட்டாலும் சொல்லக்கூடிய கதை. அதை விட்டுவிடலாம். தொண்ணூறுகளில் கோவையில் ஒரு செஷன்ஸ் கோர்ட்டுக்கு மாற்றலாகி வந்தேன். அங்கே நான் வேலை பார்த்த நீதிபதிகள் பல பேர். பாதிப் பேரின் முகம் மறந்துவிட்டது. ஒருவரை மட்டும் மறக்க முடியவில்லை. பெயர் வேண்டாம், ஐயா என்றே சொல்கிறேன்.

ஐயா தென் மாவட்டத்துக்காரர். ஒல்லி. இடது காது சரியாகக் கேட்காது, அதனால் யார் பேசினாலும் வலப்பக்கமாகச் சாய்ந்து கேட்பார். வக்கீல்கள் முதலில் அதை மரியாதை என்று நினைத்தார்கள், அப்புறம் பயந்தார்கள். ஒரு வார்த்தை தவறவிட மாட்டார். எதிரியை நீ, நீர் என்று அழைப்பதுதான் வழக்கம். அவர் திருடனைக்கூட "நீங்க" என்பார். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துபோகும். குரல் காதில் விழாத அளவுக்குத் தாழ்ந்துவிட்டால் அன்றைக்கு யாரோ ஒருவருக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

வந்த புதிதில் ரங்கசாமி வழக்கம்போல் தயாரித்த கேள்வித்தாளை வைத்தார். ஐயா புரட்டினார். பதில்கள் எல்லாம் ஏற்கெனவே இருந்தன.

"இவரை இன்னும் கூப்பிடவே இல்லையே?" என்றார்.

"ஆமாங்கய்யா, இப்பக் கூப்பிட்டர்லாமுங்க."

"அப்ப பொய்னு சொன்னது யாரு? நீங்களா?"

அந்தத் தாளை ஐயா கிழிக்கவில்லை, ரங்கசாமியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து கேள்விகளை ஐயாவே வீட்டில் உட்கார்ந்து கையால் எழுதிக்கொண்டு வருவார். ஒரு கேள்வியில் ஒரு விஷயம்தான் இருக்கும். பத்திரத் தமிழ் இருக்காது. கேட்டுவிட்டுக் காத்திருப்பார். எதிரி பேசினால் அந்தப் பேச்சை அப்படியே நான் அடிக்க வேண்டும், எங்கள் கோர்ட் தமிழுக்கு மாற்றக் கூடாது. மற்ற கோர்ட்டுகள் கலைந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது நான் மட்டும் யாரோ ஒரு வழிப்பறிக்காரனின் வாக்குமூலத்தை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருப்பேன். மனதுக்குள் ஐயாவைத் திட்டாத நாள் குறைவு.

அப்போதுதான் ராமாத்தாள் வழக்கு எங்களிடம் வந்தது.

ராமாத்தாள் சூலூருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் குடியிருப்பு ஒன்றில் தறிக்கூடத்து வேலைக்குப் போன பெண். புருஷனும் தறி ஓட்டியவர். ஒரு சாயங்காலம் அவர் தலையில் அடிபட்டுச் செத்துப்போனார். கொலை வழக்கு. முதல் விசாரணை வேறொரு கோர்ட்டில் நடந்து ஆயுள் தண்டனை ஆகியிருந்தது. கண்ணால் பார்த்த சாட்சி கிடையாது. அக்கம்பக்கத்தார் சண்டைச் சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். அவள் சேலையில் அவருடைய ரத்த வகை இருந்தது. பிரேதப் பரிசோதனையில் தலையில் இரண்டு காயம், பின்மண்டையில் ஒன்று, நெற்றி ஓரத்தில் ஒன்று. ஆஸ்பத்திரிக்கு அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்ததே ராமாத்தாள்தான் என்று டாக்டர் சொன்னார். எப்படி நடந்தது என்று கேட்டதற்கு அவள் வாய் திறக்கவில்லை, கையால் ஏதோ காட்டினாள் என்றும் சொன்னார். குற்றம் செய்தவள், அதனால்தான் பேசவில்லை என்று தீர்ப்பில் எழுதிவிட்டார்கள்.

அந்த விசாரணையில் அவளிடம் கேட்ட கேள்விகள் என்ன தெரியுமா? முதல் சாட்சியிலிருந்து இத்தனையாவது சாட்சிவரை சொன்னதைப் பற்றி என்ன சொல்கிறீர்? பொய். அடுத்த சாட்சியிலிருந்து கடைசிவரை? பொய். முடிந்தது. சேலையில் ரத்தம் எப்படி வந்தது என்று தனியாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலே, ரத்தத்துக்கு அவள் விளக்கம் தரவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதையே பொய் என்கிறாள், இப்படி உண்மையை மறுப்பதே அவளுக்கு எதிரான சங்கிலியில் இன்னொரு கண்ணி என்று எழுதித் தண்டித்துவிட்டார்கள்.

ஜூனியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள், தண்டனை ஆனபிறகு கையில் காசில்லாதவர் என்னதான் செய்வார் என்று. ஜெயிலில் இருந்தபடியே கண்காணிப்பாளர் மூலம் ஹைகோர்ட்டுக்கு மனுப்போடலாம். கைநாட்டு வைத்தாலே போதும். கட்டணம் இல்லை. நாள் கடந்து போனாலும் காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம். வக்கீலை ஹைகோர்ட்டே கொடுக்கும். ராமாத்தாளுக்கும் அப்படித்தான் ஆனது. மனு போட்டதுகூட அவள் தானாகப் போட்டதில்லை, ஜெயிலில் எல்லாரும் கைநாட்டு வைக்கிறார்கள் என்று வரிசையில் போய் வைத்திருக்கிறாள். சென்னையில் அவளை ஒருநாளும் பார்த்திராத ஒரு வக்கீல், கேள்விகளைக் கொத்தாகக் கேட்டிருப்பதைக் கண்டுபிடித்து வாதாடியிருக்கிறார். அவளிடம் கேட்காத விஷயத்தை அவளுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று ஹைகோர்ட் தண்டனையை ரத்து செய்தது. ஆனால் விடுதலை செய்யவில்லை. கேள்வி கேட்கும் கட்டத்திலிருந்து மறுபடியும் நடத்து என்று திருப்பி அனுப்பியது. அது எங்கள் கோர்ட்டுக்கு ஒதுக்கப்பட்டது.

மறுபடியும் முதலிலிருந்து என்றால் நிம்மதி என்று நினைப்பீர்கள். அப்படியில்லை. மறுபடியும் ஆயுள் கிடைக்க எல்லா வழியும் இருந்தது. முன்பு சரியாகக் கேட்காமல் தண்டித்தார்கள், இப்போது சரியாகக் கேட்டுத் தண்டிக்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவளுக்கு இலவச சட்ட உதவியில் அமர்த்தப்பட்ட வக்கீல் நாச்சிமுத்து. நடுவயதுக்காரர், கறுப்புக் கோட்டு வெளுத்துப் பச்சையாகிவிட்டிருக்கும். பெரிய பேச்சுக்காரர் இல்லை. ஆனால் வழக்குக் கட்டுகளை உண்மையிலேயே படிக்கிறவர். நம் கோர்ட்டில் அது எத்தனை அபூர்வம் என்று உங்களுக்கே தெரியும்.

போலீஸ் கூட்டிவந்து நிறுத்திய ராமாத்தாளை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். கறுத்துச் சிறுத்த உடம்பு, நரைத்த தலை. என் வயதுதான் இருப்பாள், என் அம்மா மாதிரி இருந்தாள். யாரையும் பார்க்காமல் மேசையின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐயா வலப்பக்கம் சாய்ந்துகொண்டு தொடங்கினார். "உங்க வீட்டுக்காரரை வண்டில ஏத்தி ஆஸ்பத்திரிக்கு நீங்கதான் கொண்டுபோனீங்கன்னு டாக்டர் சொல்றார். அது சரியா?"

"பொய்ங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுக்குச் சாதகமாக இருந்தது அந்த ஒரு சாட்சியம்தான். கொலை செய்தவள் ஏன் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? அதையே பொய் என்கிறாள்.

"நீங்க உடுத்தியிருந்த சேலை இதுன்னு சொல்றாங்க. உங்களுதா?"

"பொய்ங்க."

"டாக்டர் கேட்டப்ப உங்களால பேச முடியலைன்னு சொல்றார்."

"பொய்ங்க."

அடுத்த கேள்வியும் அதே. அதற்கடுத்ததும். கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. அரசு வக்கீல் தன் காகிதக் கட்டைக் கட்டி வைத்துவிட்டார். ஐயா பேனாவைக் கீழே வைத்தார். அவளைப் பார்த்து, "காலைல சாப்பிட்டீங்களா?" என்றார்.

"பொய்ங்க."

ஹாலில் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், உடனே வெட்கமாகப் போய்விட்டது. ஐயா சிரிக்கவில்லை. அவர் குரல் தாழ்ந்துபோனது.

"இதை டைப் பண்ண வேண்டாம்மா," என்றார் என்னிடம். பிறகு அவளைக் கேட்டார். "ஏம்மா, எதைக் கேட்டாலும் பொய்னு சொல்லச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

அவள் முதல்முறையாக நிமிர்ந்தாள். "மொதல்ல இருந்த வக்கீலு சொன்னாருங்க சாமி. அப்படிச் சொன்னதுலதானுங்க என்னைத் தூக்குல போடாம உட்டாங்க."

அதற்கப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. தனக்குத் தண்டனை வாங்கிக்கொடுத்த அதே வார்த்தையை, தன் உயிரைக் காப்பாற்றிய வார்த்தை என்று அவள் இத்தனை வருஷம் நம்பி வந்திருக்கிறாள். கோர்ட்டில் வேலை பார்ப்பதே வீண் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது, மறைக்காமல் சொல்கிறேன்.

அரசு வக்கீல் எழுந்து, எதிரி பதில் சொல்லிவிட்டார், பதிவு செய்துகொண்டு மேலே போகலாம் என்றார். ஐயா மறுத்துத் தலையாட்டினார். "பேசாம இருக்கிறது அவங்க உரிமை. நான் பிடுங்க மாட்டேன். ஆனா எதைப் பத்திப் பேசாம இருக்கோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்லையா? நாச்சிமுத்து, உங்க கட்சிக்காரரோட உட்கார்ந்து பேசுங்க. எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்கங்க." எஸ்கார்ட் பெண் போலீசிடம், அவர்கள் பேசுவது காதில் விழாத தூரத்தில் நிற்கும்படி சொன்னார். வழக்கை வேறு நாளுக்குத் தள்ளிவைத்தார்.

சாயங்காலம் வராந்தாவில் நாச்சிமுத்துவைப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க வக்கீல் சார், பேசுனாங்களா?"

"அவங்க என்ன சொன்னாங்கன்னு உங்ககிட்டச் சொல்லக் கூடாதுங்க மேடம். ஆனா ஒண்ணு, பொம்பளை பயந்துக்கிட்டிருக்கிறது ஜெயிலுக்கு இல்லீங்க," என்றார்.

அடுத்த வாய்தாவில் ராமாத்தாள் பேசினாள். ஐயா அதே கேள்விகளை அதே பொறுமையோடு கேட்டார். சேலை தன்னுடையதுதான் என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது தான்தான் என்றாள். அப்புறம், "நடந்ததை நானே சொல்லிப்போடறேனுங்க சாமி," என்று ஆரம்பித்தாள். அவள் சொன்னதை நான் அவள் பேச்சிலேயே அடித்தேன், இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"அன்னைக்குக் கரண்ட் போயிருச்சுங்க. தறியெல்லாம் நின்னுபோச்சு. அவரு குடிச்சுப்போட்டு ஊட்டுக்கு வந்தாரு. சண்டை போட்டாரு. அதைத்தானுங்க அக்கம்பக்கத்துல கேட்டது. அப்பறம் கரண்ட் வந்துருச்சுங்க. தறி ஓட ஆரம்பிச்சா பக்கத்துல நின்னு கத்துனாலும் கேக்காதுங்க. அவரு என் கழுத்தைப் புடிச்சுப்போட்டாரு. ரண்டு கையாலயும். கண்ணு இருட்டிட்டு வந்துச்சுங்க. புடிச்சுத் தள்ளிப்போட்டேன். ஆட்டாங்கல்லு மேல உழுந்தாரு. மடியில தலையை வெச்சு முந்தானையால கட்டுனேன். அந்த ரத்தந்தானுங்க. டாக்டரு கேட்டாரு. எனக்குச் சத்தம் வரலீங்க. தொண்டை போயிருந்துச்சு. கழுத்தைக் காட்டுனேன், அவருக்குப் புரியலீங்க."

குற்றவாளி, அதனால்தான் பேசவில்லை என்று எழுதியிருந்தார்களே, அந்த டாக்டர் சாட்சியம்தான் இது. எத்தனை பேர் படித்திருப்பார்கள். பேசாதவள் என்று படித்தார்களே தவிர, பேச முடியாதவள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆனால் அரசு வக்கீல் முகத்தில் கலக்கமே இல்லை. அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை, தன் வேலையைச் செய்தார். தள்ளிவிட்டதில் விழுந்திருந்தால் பின்மண்டையில் காயம் சரி, நெற்றி ஓரத்துக் காயம் எங்கிருந்து வந்தது என்று வாதத்தின்போது கேட்கப்போகிறேன் என்றார். அவர் சொன்னது நியாயம். அவள் கதையில் ஒரு காயத்துக்குத்தான் இடமிருந்தது. இன்னொன்றை அவள் மறைக்கிறாள் என்று எனக்கே தெரிந்தது, ஐயாவுக்குத் தெரியாமலா இருக்கும். பாதி உண்மை சொன்னவளுக்கு முழுத் தண்டனை கிடைக்கும், கோர்ட்டில் நான் பார்த்தவரை அதுதான் நடப்பு.

ஐயா கடைசிக் கேள்வியைக் கேட்டார். "உங்க தரப்புல சாட்சி யாராவது இருக்காங்களா?"

"யாருமில்லீங்க சாமி." அவசரமாகச் சொன்னாள்.

"நான் இருக்கேனுங்க."

பின்வரிசையிலிருந்து வந்தது குரல். இருபது வயது மதிக்கத்தக்க பெண், திருப்பூர் பனியன் கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. ராமாத்தாள் திரும்பிப் பார்த்து, "வேண்டாங் கண்ணு, போயிரு, நீ போயிரு," என்று கத்தினாள். போலீஸ்காரப் பெண் அவள் தோளைப் பிடித்து அமர்த்த வேண்டியிருந்தது.

அந்தப் பெண் கோகிலா, ராமாத்தாளின் ஒரே மகள். அப்பா செத்தபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த குழந்தை. சம்பவத்தன்று அவள் தாய்மாமன் வீட்டில் இருந்தாள் என்று போலீசிடம் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அதை யாரும் சரிபார்க்கவில்லை. பிறகு மாமன்தான் வளர்த்தார்.

தாய் சாட்சி இல்லை என்கிறாள், மகள் இருக்கிறேன் என்கிறாள். கட்சிக்காரர் வேண்டாம் என்கிறபோது நாச்சிமுத்து கூப்பிட முடியாது. ஐயா, உண்மையை அறியக் கோர்ட்டே ஒருவரைச் சாட்சியாக அழைக்கலாம் என்ற அதிகாரத்தில் கோகிலாவை அழைத்தார். ராமாத்தாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாச்சிமுத்து வராந்தாவில் என்னிடம் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கோகிலா சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டு, தாயைப் பார்க்காமல் சொன்னாள்.

"அப்பன் அம்மா கழுத்தை நெரிச்சுட்டிருந்துச்சுங்க. அம்மாவுக்கு நாக்கு வெளிய வந்துருச்சு. நான் அப்பனைப் புடிச்சு இழுத்தேன், உடலீங்க. அடுப்புக்கிட்ட வெறகுக்கட்டை கெடந்துச்சு. நாந்தான் எடுத்து அம்மா கையில குடுத்தேன். அம்மா அதுல ஒருக்கா அடிச்சுது, நெத்தி ஓரத்துல பட்டுச்சு. அப்பறம் தள்ளுச்சு. ஆட்டாங்கல்லுல உழுந்துச்சுங்க. அம்மா என்னைத் தறிக்கூடத்துக்குப் பின்னால ஒளிச்சு வெச்சு, மாமன் ஊட்டுல இருந்தேன்னு சொல்லச் சொல்லுச்சு. அப்பறம் யாருமே என்னைக் கேக்கலீங்க. நான் சொல்றேன், சொல்றேன்னு மாமன்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். உங்கம்மா சத்தியம் வாங்கியிருக்குதுன்னு மாமன் உடமாட்டேன்னுட்டாரு."

அரசு வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார். அம்மாவைக் காப்பாற்றக் கட்டிய கதை என்றார். அவள் அழவில்லை, தடுமாறவில்லை. "நாங் கட்டை குடுக்காம இருந்திருந்தா அப்பன் இருந்திருக்கும், அம்மா இருந்திருக்காது," என்று மட்டும் சொன்னாள். யார் செத்தாலும் அவளுக்கு நஷ்டம்தான். அத்தனை சின்ன வயதிலிருந்து அந்தக் கணக்கைத் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

தீர்ப்பு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். கழுத்தை நெரிப்பவரிடமிருந்து உயிரைக் காத்துக்கொள்ள அடித்தது குற்றமாகாது என்று சொல்லி ஐயா ராமாத்தாளை விடுதலை செய்தார். அரசு மேலே போகவில்லை. நல்ல தீர்ப்பு. பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. அந்த வருஷமே ஐயாவை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்து வந்தவர் நல்ல மனிதர், வேகமாக முடிப்பவர். ரங்கசாமி மறுபடியும் பதில்களை முன்கூட்டியே அடிக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன், கேள்வியை மட்டும் அடித்துக் கொடுத்தேன். பதிலை அவரே பேனாவால் எழுதிக்கொண்டார். ஒரு வழக்கால் ஊர் திருந்திவிடும் என்று நினைக்கிற வயதை நான் அப்போதே தாண்டியிருந்தேன்.

ஆனால் தீர்ப்புக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். என் நாற்காலியில் இருக்கிற பெண்ணே, இதை நிதானமாகப் படி.

புதிதாக ஒரு சாட்சி வந்துவிட்டால், அந்தச் சாட்சி சொன்னதைப் பற்றியும் எதிரியிடம் கேட்டாக வேண்டும். அதுவும் முன்னூற்றுப் பதின்மூன்றுதான். ஆகவே கோகிலா சொன்னதை ஐயா ராமாத்தாளிடம் கேட்க வேண்டியிருந்தது. அவளுக்கு அதில் இரண்டு வழிதான் இருந்தது. பொய் என்றால் மகள் பொய்ச் சாட்சி ஆவாள், தானும் தப்ப முடியாது. உண்மை என்றால், அப்பனை அடித்த கட்டையை எடுத்துக் கொடுத்தது குழந்தைதான் என்பது தாயின் வாயாலேயே கோர்ட் ஏட்டில் ஏறிவிடும். அந்த ஒன்றுக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் ஜெயிலில் கிடந்தாள். சட்டப்படி குழந்தைமேல் தப்பில்லை என்று நாச்சிமுத்து எத்தனை முறை சொல்லியிருப்பார். சட்டப்படி தப்பில்லை என்பதை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்ய?

கோகிலா பின்சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். ஐயா வழக்கத்தைவிட மெதுவாகக் கேட்டார்.

"உங்க மகள் சொன்னதைக் கேட்டீங்க. விறகுக்கட்டையை அவள்தான் எடுத்து உங்க கையில கொடுத்தாள்னு சொல்றா. அதைப் பத்தி என்ன சொல்றீங்க? பதில் சொல்லணும்னு கட்டாயமில்லை."

நான் விரல்களை விசைகளின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நாச்சிமுத்து குனிந்துகொண்டார். ராமாத்தாள் மேசைக் காலைப் பார்க்கவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். ஐயா அவசரப்படுத்தவில்லை.

"எம்புள்ள பொய் சொல்லாதுங்க சாமி," என்றாள். "ஆனா அதுக்கு மறந்துபோச்சுங்க. சின்னப்புள்ளை பாருங்க. கட்டைய அதுவா எடுத்துக் குடுக்கலீங்க. எனக்குச் சத்தம் வரலீன்னு நாந்தான் கையை நீட்டிக் கேட்டேன். அம்மா கேட்டுச்சுன்னு எடுத்துக் குடுத்துச்சு. அவ்வளவுதானுங்க."

ஐயா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் சொன்னபடியே அடித்தேன். அடித்து முடித்து நிமிர்ந்தபோது, கூண்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கோகிலா சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.